ரோஜாவுக்குக் கைராசி தேவையில்லை

ரோஜா வைத்தால் தங்காது என்ற பேச்சைத் தமிழ்நாட்டுச் சமவெளியில் கேட்காத தெரு இல்லை. ஊட்டியிலும் ஓசூரிலும் வளரும், நம் வெயிலுக்கு ஆகாது என்பார் ஒருவர். வாரம் தவறாமல் மருந்தடித்தால்தான் பூக்கும் என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் பிறகு கடைசியாக வருவது கைராசி: "அவங்க கைக்கு வரும், என் கைக்கு வராது." தள்ளுவண்டியில் பூவோடு வாங்கிய செடி மூன்றே மாதத்தில் வெறுங்குச்சியாகிப் போவதைப் பார்த்தவர் இப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனாலும் அந்த நினைப்பு தவறு. செத்த ஒரு செடியை வைத்து ரோஜா என்ற இனத்துக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். செத்தது எந்த ரோஜா என்று கேட்பதில்லை. வாழை என்றால் பூவனா ரஸ்தாளியா என்று கேட்கிறோம். மாம்பழம் என்றால் பங்கனப்பள்ளியா நீலமா என்று கேட்கிறோம். மல்லியில்கூடக் குண்டுமல்லி வேறு, முல்லை வேறு, ஜாதி வேறு என்பது பூக்கட்டும் எல்லோருக்கும் தெரியும். ரோஜாவை மட்டும் சிவப்பா மஞ்சளா என்று நிறம் பார்த்து வாங்கி வருகிறோம். தோல்வி அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோம். ரோஜா குளிர்நாட்டுச் செடி என்பது பாதி உண்மைதான். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பனிக்காலம் முழுக்க உறங்கி, வசந்தத்தில் ஒரே ஒரு முறை பூத்து ஓய்பவை. அவற்றை மதுரையில் வைத்தால் குளிர் போதாமல் இலையும் முள்ளுமாக நிற்கும். ஆனால் இன்று உலகம் முழுவதும் தோட்டங்களில் ஆண்டெல்லாம் பூக்கிற ரோஜாவுக்கு அந்தக் குணம் ஐரோப்பாவிலிருந்து வரவில்லை, சீனத்திலிருந்து வந்தது. 1790-களில் அங்கிருந்து ஐரோப்பா போய்ச் சேர்ந்த சீன ரோஜாக்களுக்கு உறக்கம் தெரியாது. தளிர் விட்டால் அதன் நுனியில் மொட்டு. பூப்பதை அடக்கி வைக்கும் ஒரு மரபணு அவற்றில் செயலிழந்திருப்பதே காரணம் என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் செடிகள் கடும்பனியைத் தாங்காமல் போனதால் ஐரோப்பியர்கள் பலவற்றைக் கண்ணாடி வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வளர்ச்சி நிற்காத வரை பூவும் நிற்காத செடி அது. வளர்ச்சியை நிறுத்துவது குளிர். உறைபனியே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, குளிர் போதவில்லை என்பதை ஒரு குறையாக நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நம் கையிலேயே சான்று இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, இன்று ரீயூனியன் எனப்படும் பூர்போன் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் நிலத்துக்கு வேலியாக இரண்டு வகை ரோஜாக்களை நட்டு வைத்திருந்தார்கள். ஒன்று சீன ரோஜா, மற்றொன்று இலையுதிர்காலத்திலும் பூக்கும் டமாஸ்க் ரோஜா. இரண்டும் தாமாகவே கலந்து பிறந்த ஒரு செடியை 1817 வாக்கில் அங்கிருந்த தாவரவியலாளர் பிரெயோன் கவனித்தார். தீவில் அதற்கு எடுவார் ரோஜா என்று பெயர். இந்தியாவில் அது எட்வர்ட் ரோஜா ஆனது. நம் பூக்கடைகளில் பன்னீர் ரோஜா என்று படியிலும் கிலோவிலும் அளந்து விற்பது பெரும்பாலும் இதுதான். மகர ரேகைக்கு வடக்கே உள்ள ஒரு வெப்பமண்டலத் தீவில் பிறந்த செடியைப் பார்த்து வெயில் தாங்காது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உதிரிப்பூ சாகுபடிக்குச் சொல்லும் பெயர்கள் எட்வர்ட் ரோஜாவும் ஆந்திரச் சிவப்பு ரோஜாவும். நிலக்கோட்டைப் பக்கத்து விவசாயி இதைக் கண்ணாடிக் கூடாரத்தில் வளர்க்கவில்லை. திறந்த வயலில் வைத்து விடிகாலையில் பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட இந்தியச் சமவெளி நர்சரிகளில் உயர்ரக ரோஜாக்களை ஒட்டுக் கட்டுவதற்கு நெடுங்காலம் அடிச்செடியாக இருந்ததும் இதே எட்வர்ட்தான். மேலே ஒட்டிய அழகுச்செடி உயிர் பிழைக்க எதன் வேர் வேண்டியிருந்ததோ, அந்தச் செடியைத் தனியாக நட நாம் தயங்குகிறோம்.

அப்படியானால் நம் வீடுகளில் சாவது எது? பெரும்பாலும் ஹைபிரிட் டீ. 1867-இல் லியோன் நகரத்தில் கியோ வெளியிட்ட 'லா பிரான்ஸ்' ரோஜாவை இந்த வகையின் தொடக்கமாகக் கொள்வது மரபு. நீண்ட காம்பு, அதன் நுனியில் ஒற்றைப் பெரிய மொட்டு, மெதுவாக விரியும் இதழ்: கண்காட்சி மேசைக்கும் பூச்சாடிக்கும் இதைவிடப் பொருத்தமான பூ இல்லை. பிறகு 1900-இல் அதே லியோனில் பெர்னே-டுஷே என்ற வளர்ப்பாளர் 'சொலேய் டோர்' என்ற ரோஜாவைக் கொண்டுவந்தார். மேற்கு ஆசியாவின் வறண்ட மலைகளைச் சேர்ந்த ரோசா ஃபோட்டிடா என்ற மஞ்சள் காட்டு ரோஜாவின் ரத்தம் அதில் இருந்தது. இன்று நாம் ஆசைப்பட்டு வாங்கும் அடர்மஞ்சள், ஆரஞ்சு, இரட்டை நிறப் பூக்கள் அநேகமாக எல்லாம் அந்த வழியில் வந்தவை. நிறத்தோடு சேர்ந்து ஒரு பலவீனமும் வந்தது. கரும்புள்ளி நோயைத் தரும் பூஞ்சை முளைக்க இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். இலையில் ஈரமே நிற்காத வறண்ட நாட்டில் வளர்ந்த செடிக்கு அதை எதிர்க்கும் தேவை இருந்ததில்லை. அந்த வாரிசைக் கொண்டுவந்து சென்னையின் ஐப்பசி அடைமழையில் நிறுத்துகிறோம். கார்த்திகை முடிவதற்குள் இலையெல்லாம் புள்ளி விழுந்து உதிர்கிறது. இலை இல்லாமல் உணவு சேர்க்க முடியாத செடி, இருந்த கையிருப்பைச் செலவழித்துத் தையில் ஒன்றிரண்டு பூ பூக்கிறது. பங்குனியில் மறைப்பே இல்லாத தண்டின் மேல் வெயில் விழ, நுனி கருகிக் குச்சி மேலிருந்து கீழே காய்ந்துகொண்டே வருகிறது. செடி செத்தது சித்திரையில் என்பதால் வெயிலைக் குற்றம் சொல்கிறோம். அதற்கு ஆறு மாதம் முன்பே, மழையில், அதன் முடிவு எழுதப்பட்டுவிட்டது.

வாங்கும் இடத்தில் நடப்பதையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஓசூர்ப் பக்கமிருந்தும் கோதாவரிக்கரைக் கடியத்து நர்சரிகளிலிருந்தும் லாரியில் வரும் செடி, கறுப்புப் பையில், விரியத் தொடங்கிய இரண்டு பூக்களோடு நிற்கிறது. பையைக் கிழித்தால் உள்ளே கல்லாய் இறுகிய களிமண் உருண்டை. அதை அப்படியே எடுத்துத் தென்னைநார்த் துகளும் மண்புழு உரமும் கலந்த பொலபொலப்பான மண்ணில் புதைத்துவிட்டு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறோம். தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடித் தொட்டியின் அடித்துளை வழியாக வெளியேறுகிறது. வெளிமண் சேறு, உள்ளே வேர் இருக்கும் உருண்டை வறட்சி. மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பவர் ஈரம் இருக்கிறது என்று நம்புகிறார். வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து, வெளிப்பக்கக் களிமண்ணை வேர் அறுபடாமல் கரைத்துவிட்டு நட்டாலே பாதிச் செடிகள் பிழைக்கும். அதற்கும் முன்னால், பூவைப் பார்த்துச் செடி எடுக்கும் பழக்கம் போக வேண்டும். அடியிலிருந்து மூன்று கிளையாவது தடித்து எழுந்திருக்கிறதா, கீழ் இலைகள் உதிராமல் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. பூ இல்லாத செடியாக இருந்தால் இன்னும் நல்லது.

மருந்து பற்றிய நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ரோஜா என்றால் தெளிப்பான் கூடவே வர வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். கோடையில் ரோஜா இலையின் மேற்பக்கம் சுண்ணாம்புத் தூளை ஊதிவிட்டதுபோல வெளுத்துப் போகும். இலையைத் திருப்பினால் நரம்போரம் மெல்லிய நூலாம்படை. ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்தால், தாளில் விழுந்த புள்ளிகள் நகரத் தொடங்கும். இது செஞ்சிலந்தி. எட்டுக் கால் உள்ள இது பூச்சியே அல்ல. சாதாரணப் பூச்சிமருந்து பலவற்றுக்கு இது சாகாது. சாவது இதைத் தின்று வாழும் வேறு சிலந்திப் பேன்களும் சிறு பொறிவண்டுகளும்தான். பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் இமிடாகுளோப்ரிட் போன்றவற்றுக்கும் பிறகு செஞ்சிலந்தி பெருகுவது பல பயிர்களில் பதிவாகியிருக்கிறது. நம் கோடைச் சூட்டில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை அதற்குப் பத்து நாள்கூடத் தேவையில்லை. எனவே வாராவாரம் அடிப்பவர் செடியைக் காப்பதாக எண்ணிக்கொண்டு செஞ்சிலந்தியைக் காக்கிறார். காலை வெயில் ஏறும் முன், குழாயில் விரலை வைத்துப் பீய்ச்சி, இலையின் அடிப்பக்கத்தை மூன்று நாளுக்கொரு முறை கழுவிவிட்டால் போதும். நூலாம்படை கலைந்து பெரும்பகுதி விழுந்துவிடும், ஒரு மணி நேரத்தில் இலையும் உலர்ந்துவிடும். இந்தப் பூவைத்தான் குழந்தையின் தலையில் வைக்கிறோம், இதழைப் பிய்த்து வாயில் போடுகிறோம், குல்கந்து கிளறுகிறோம். அதில் நஞ்சு எதற்கு?

மருந்து வேண்டாம் என்பவர்கள் அடுத்து சமையலறைக்குப் போகிறார்கள். முட்டை ஓடு, டீத்தூள் சக்கை, வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு ஊறவைத்த தண்ணீர் என்று ரோஜாத் தொட்டி குப்பைத்தொட்டி ஆகிறது. நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனாலும் ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றும் வீட்டில் முட்டை ஓட்டுக்கு வேலையே இல்லை. அந்த நீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுதி. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். மண் காரமாக ஆக, அதிலுள்ள இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் போகிறது. புது இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வருவது அதன் அடையாளம். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் போடுகிறோம், செடி மேலும் வெளுக்கிறது. பாலும் சர்க்கரையும் கலந்த டீச்சக்கை எறும்பை அழைக்கும். எறும்பு மாவுப்பூச்சியை மேய்க்கும். ரோஜாவுக்கு வேண்டியது மிகச் சாதாரணம்: நன்றாக மட்கிய தொழு உரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி, மழைநீர் கிடைக்கும்போதெல்லாம் மழைநீர், மண்ணின் மேல் நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு. அந்த மூடாக்கு வேரைச் சூட்டிலிருந்து காக்கும், நீர் தெறித்துப் பூஞ்சை வித்து இலைக்கு ஏறுவதையும் குறைக்கும். மொட்டை மாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று மட்டும் கூடுதல்: கறுப்புப் பையில் வேர் வெந்துவிடும். பதினான்கு அங்குல மண்தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, கத்திரி வெயில் நாட்களில் பிற்பகல் நிழல் விழும் இடத்துக்கு நகர்த்தினால் போதும். ரோஜா உண்மையில் அஞ்சுவது நிழலுக்கு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். நாலு மணி நேரமும் விழாத பால்கனியில் எந்த ரோஜாவையும் வைக்க வேண்டாம்.

கவாத்தைப் பற்றிய பயமும் தேவையற்றது. வெளிநோக்கிய மொட்டுக்கு மேல் கால் அங்குலத்தில், சாய்வாக, கூர்மையான கத்தரியால் வெட்ட வேண்டும், தப்பினால் செடி போச்சு என்று படித்துப் படித்தே பலர் கத்தரியைத் தொடுவதில்லை. பிரிட்டனின் ராயல் நேஷனல் ரோஸ் சொசைட்டி ஒரு பகுதிச் செடிகளை இலக்கணப்படியும் இன்னொரு பகுதியை வேலி வெட்டும் இயந்திரத்தால் தோராயமாகவும் வெட்டிச் சோதித்தபோது, தோராயமாக வெட்டியவை சற்றும் பின்தங்கவில்லை. நமக்கு வேண்டியது மழை ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பதும், காய்ந்த குச்சியைப் பச்சை தெரியும் வரை நீக்குவதும், பூத்து உதிர்ந்த நுனியை உடனுக்குடன் கிள்ளுவதும்தான். ரோஜா புதுத்தளிரில் பூப்பது. கிள்ளாத செடி சோம்பி நிற்கும். இதோடு சேர்ந்து உலவும் இன்னொரு கணக்கையும் கைவிட வேண்டும். ஐந்து இலை வந்தால் பூக்கும் கிளை, ஏழு இலை வந்தால் காட்டுக்கிளை, வெட்டிவிடு என்பது. பன்னீர் ரோஜாவில் ஒரே செடியிலேயே ஐந்தும் ஏழும் கலந்து வரும். ஏழை எண்ணி எண்ணி நல்ல கிளைகளை வெட்டி எறிந்தவர்கள் எத்தனை பேரோ. காட்டுக்கிளையா என்று அறிய ஒரே வழி, அது ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழேயிருந்து கிளம்புகிறதா என்று மண்ணை விலக்கிப் பார்ப்பது. குச்சி நட்டு வேர்விட்ட செடியில் முடிச்சும் இல்லை, காட்டுக்கிளையும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பன்னீர் ரோஜா என்ன பெரிய அழகு? ஒரே இளஞ்சிவப்பு, குட்டைக் காம்பு, பறித்த மறுநாள் இதழ் உதிரும். பூங்கொத்தில் வரும் ரோஜா ஒரு வாரம் நிற்கிறதே. உண்மைதான். ஒரு வாரம் நிற்பதற்காகத் தேர்ந்து வளர்த்த பூ அது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மணம் கிடையாது. சாடிக்கு உரிய அளவுகோலை வைத்துத் தோட்டத்துச் செடியை அளப்பதே பிழை. வீட்டில் பூச்செடி வைப்பவர் காலையில் பறித்துச் சாமி படத்துக்கு வைக்கவும், தலையில் சூடவும், கடந்து போகும்போது மணக்கவும்தான் வைக்கிறார். அதற்கு மறுநாள் வேறு பூ இருந்தால் போதும். நிறம் வேண்டுமென்றால் பட்டன் ரோஜாக்களும், கொத்துக்கொத்தாகப் பூக்கும் ஃபுளோரிபண்டாக்களும் இருக்கின்றன. 1958-இல் ஜெர்மனியின் கோர்டெஸ் வெளியிட்ட வெள்ளை 'ஐஸ்பெர்க்' வெப்ப நாடுகளிலும் நீண்டகாலமாகத் தாக்குப்பிடித்து வருவது. 1897-இல் கெஷ்விண்ட் உருவாக்கிய 'க்ரூஸ் ஆன் டெப்லிட்ஸ்' என்ற அடர்சிவப்பு, மணமும் உள்ளது, இந்தியாவில் உதிரிப்பூவுக்காகவே பயிராவது. சென்னையிலேயே ஹைபிரிட் டீயை அற்புதமாக வளர்த்துக் கண்காட்சியில் பரிசு வாங்குகிறவர்கள் உண்டே என்பது அடுத்த மறுப்பு. உண்டு, அவர்கள் உழைப்பு மதிப்புக்குரியது. வீணை கற்றவர் வாசிக்கட்டும். புதிதாகத் தொடங்குகிறவர் கையில் முதல் நாளே வீணையைக் கொடுத்துவிட்டு, வாசிக்க வராததற்கு அவர் விரலைப் பழிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

எளிதில் வளரும் ரோஜா என்பது சோம்பேறிகளின் கற்பனை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், கோடையில் நம்மூரைப் போலவே கொதிக்கும் மாநிலத்தில், 'எர்த்-கைண்ட்' என்ற பெயரில் ரோஜாக்களை மருந்தும் உரமும் இல்லாமல், மூடாக்கை மட்டும் நம்பி விட்டுப் பார்த்தது. இருபதுக்கும் மேற்பட்ட ரகங்கள் தேறின; அவற்றில் சீன ரோஜா 'மியூட்டாபிலிஸ்', பழைய டீ ரோஜா 'மிஸஸ் டட்லி கிராஸ்', குட்டைக் கொத்து ரோஜா 'தி ஃபேரி' ஆகியவை உண்டு. ஜெர்மனியின் ஏ.டி.ஆர். சோதனைத் திடல்களில் 1997 முதல் மருந்தே அடிப்பதில்லை; தாங்கும் ரகத்துக்குத்தான் முத்திரை. நமக்கு இன்னும் அருகிலேயே, கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவனும் கிரிஜா வீரராகவனும் வெப்பநாட்டுக்கென்றே ரோஜா உருவாக்குவதில் பல பத்தாண்டுகளைச் செலவிட்டிருக்கிறார்கள். குளிர்நாட்டு ரோஜாவை வெயிலுக்குப் பழக்குவதைவிட வெயில்நாட்டுக் காட்டு ரோஜாவிலிருந்து தொடங்குவதே வழி என்று கண்டு, மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியாவையும், வங்காளத்தின் வெள்ளம் புகும் ஆற்றங்கரைகளில் வளரும் ரோசா கிளைனோஃபிலாவையும் தாய்தந்தையாக எடுத்துக்கொண்டார்கள். ரோஜாவில் இப்படி ஒரு நாட்டு வழி இருப்பதே தெரியாமல் நம் நர்சரிகள் நிறத்தைச் சொல்லி விற்கின்றன. அட்டையில் ரகத்தின் பெயர்கூட இருப்பதில்லை. பெயர் தெரியாத செடிக்கு எந்த ஊரில் என்ன பழக்கம் என்று யாரிடம் கேட்பது?

கேட்டு வாங்கும் பழக்கம் வரும் வரை, பன்னீர் ரோஜா இருக்கும் வீட்டைத் தேடிப் போவதே நல்லது. பூத்து முடிந்த கிளையில், பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு குச்சி கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். மேலே இரண்டு இலையை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி, கீழ் முனையை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மணல் கலந்த மண்ணில் பாதியளவு புதைத்து, காலை வெளிச்சம் மட்டும் விழும் இடத்தில் வைக்க வேண்டும். ஆடி, ஆவணி மாதம் உகந்தது. ஒன்றுக்கு நான்காக நட்டால் இரண்டாவது பிடிக்கும். பதினைந்து இருபது நாளில் கணுவில் சிவந்த துளிர் வரும். அது குச்சியில் இருந்த சேமிப்பில் வந்த துளிர், வேர் இன்னும் வந்திருக்காது. இழுத்துப் பார்க்காமல், இடம் மாற்றாமல், இன்னும் ஒரு மாதம் விட்டுவிடுங்கள்.